ஸ்படிகத்தின் விசித்திர வடிவங்கள்

மட்டக்களப்பு வாவிக்கரையில் நாம் மிதித்துச் செல்லும் மணலின் பெரும்பகுதி, விஜயன் தொகுதி எனப் புவியியலார் வழங்கும் புராதனப் பாறைகள் சிதைந்து, ஆறுகளில் உருண்டு, தம் முகங்களையெல்லாம் இழந்துவிட்ட ஸ்படிகமேயாதலால், வடிவம் தேடுவோர் மணலை விடுத்துப் பாறைப் பிளவுகளையே நாடவேண்டும். அங்குத் தடையின்றி வளர்ந்த ஸ்படிகம் எத்துணை கோணலாயினும் அதன் அடுத்தடுத்த பட்டகமுகங்கள் 120 பாகையிலேயே சந்திக்கும். முகக்கோணங்கள் மாறா என்னும் இந்நியதியை 1669இல் ஸ்டெனோ எடுத்துரைத்தார். விசித்திரங்களுள் செங்கோல் ஸ்படிகமே எனக்கு மிக உவப்பு: வளர்ச்சி நின்றுபோன மெல்லிய தண்டின் நுனியில், பிற்காலத்தில் ஊறிவந்த சிலிக்கா நீர் பருத்த முடியொன்றைச் சூட்டிவிடுகிறது. தட்டையான இரு ஸ்படிகங்கள் ஏறக்குறைய 84½ பாகையில் இணைந்திருப்பின் அது ஜப்பான் இரட்டையாகலாம். கோணம் பிசகினால் வெறும் தற்செயற் சேர்க்கையே. (விற்பவர் வாக்கைவிடக் கோணமானியை நம்புவது விவேகம்.)