திருச்சி – சிங்கப்பூர்: நாலு மணி நேரப் பயணம், ரெண்டு கடிகாரம்

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

தூரக் கணக்கு சுலபம். திருச்சி விமான நிலையத்திலிருந்து சாங்கி வரை வான்வழியில் சுமார் 2,980 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் போனால் மூன்றரை மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, மேலே ஏறுறது, இறங்குறது எல்லாம் சேர்த்தா ஏறக்குறைய நாலு மணி நேரம்.

ஆனா டிக்கெட்டில் அந்த நாலு தெரியாது. புறப்படும் நேரம் புறப்படுற ஊர்க் கடிகாரப்படி இருக்கும். சேரும் நேரம் சேருற ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால ஓடுது. அங்கே மதியம் 1 மணிக்குக் கிளம்பினால் திருச்சியில் 2.30-க்கு இறங்கலாம். பார்க்க ஒன்றரை மணி நேரப் பயணம் மாதிரி இருக்கும். இங்கிருந்து போகும்போது அதே பயணம் ஆறரை மணி நேரமாத் தெரியும்.

இந்த வித்தியாசம் முன்னாடி இரண்டு மணி நேரம்தான். 1982 பிறந்தப்போ சிங்கப்பூர், மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வெச்சுது.

இதை நான் கத்துக்கிட்டது அப்பா இறந்த அன்னைக்கு. எங்க ஊர் ஒரத்தநாடு பக்கம். அப்போ நான் சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். ராத்திரி சேதி வந்தது. மறுநாள் காலையில் சித்தப்பாவுக்குப் போன் பண்ணி, "ஒரு மணிக்கு ஃப்ளைட், நாலு மணி நேரம்"னு சொல்லிட்டு சாங்கிக்குக் கிளம்பிட்டேன்.

சித்தப்பா நம்ம ஊர் ஒரு மணின்னு நினைச்சுட்டார். அஞ்சு மணிக்கு இறங்கி, வெளியே வர ஒரு மணி நேரம், ரோட்டில் இரண்டு மணி நேரம். அப்போ ராத்திரி எட்டு. ஒரு ராத்திரி ஏற்கெனவே ஐஸ் பெட்டியில் வெச்சாச்சு, இன்னொரு ராத்திரி வேணாம், மூணு மணிக்கே எடுத்துரலாம்னு பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க. நான் விமானத்தில், போன் அணைஞ்சு கிடக்கு.

சிங்கப்பூரில் வேலை பார்த்துட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டு அண்ணன்தான், "அங்க ஒரு மணின்னா இங்க பத்தரை. தம்பி இருட்டுறதுக்குள்ள வந்துருவான்"னு சொல்லி நிறுத்தினார். அஞ்சே முக்காலுக்கு வாசலில் இறங்கினேன். பந்தலில் எல்லாரும் எனக்காகக் காத்திருந்தாங்க.

அதனால ஊருக்குச் சொல்லும்போது ஃப்ளைட் நேரத்தைச் சொல்லாதீங்க. இறங்குற நேரத்தை இந்திய நேரப்படி எடுத்துக்கோங்க. வெளியே வர ஒரு மணி நேரம் கூட்டுங்க. விமான நிலையத்திலிருந்து தஞ்சாவூர் சுமார் 60 கி.மீ.; அதுக்கு அப்புறம் உங்க ஊர். அதையும் கூட்டி, "நம்ம நேரம் இத்தனை மணிக்கு வாசலில் இருப்பேன்"னு ஒரே வரியில் சொல்லுங்க. முடிஞ்சா எழுதியும் அனுப்புங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.