கேட்குது... ஆனா புரியலை!

மூளையோடு ஒரு பயணம் – 11

சென்ற வாரம் ரத்த அழுத்தத்தைப் பார்த்தோம். இந்த வாரம் காது. மூளைத் தொடரில் காதுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக, 2011-ல் வெளியான ஓர் ஆய்விலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் காது மருத்துவராக இருக்கும் ஃபிராங்க் லின், பால்டிமோரில் நெடுங்காலமாக நடந்துவரும் முதுமை ஆய்வு ஒன்றின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். 1990-94 காலத்தில் காது சோதனை செய்துகொண்ட 639 பேர் அதில் இருந்தார்கள். அப்போது ஒருவருக்கும் டிமென்ஷியா என்னும் மறதி நோய் கிடையாது. சுமார் 12 ஆண்டுகளில் அவர்களில் 58 பேருக்கு டிமென்ஷியா வந்துவிட்டது. காது நன்றாகக் கேட்டவர்களோடு ஒப்பிட்டால், லேசாக மந்தமானவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடுத்தரமாகக் குறைந்தவர்களுக்கு மூன்று மடங்கு. கடுமையாகக் குறைந்தவர்களுக்கு ஐந்து மடங்கு. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் நின்ற எண்கள் இவை.

காதுக்கும் மறதிக்கும் என்ன தொடர்பு? உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா இருக்கிறது. அளவில் ஒரு பட்டாணிதான். பிறக்கும்போது அதில் சுமார் 15,000 மயிர்செல்கள். அழிந்தால் மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. வாசல் பக்கம் இருக்கும் செல்கள் கீச்சென்ற உயர்ந்த சுருதிகளைப் பிடிப்பவை. உள்ளே போகப் போகக் கனத்த ஒலிகள். வயதாகும்போது முதலில் அடிவாங்குவது வாசல் பக்கம்தான்.

பேச்சில் சத்தத்தைச் சுமப்பவை பெரும்பாலும் உயிரெழுத்துகள். ஆ, ஓ எல்லாம் கனமாக, தாராளமாக வந்து சேரும். ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் க, ச, த, ட போன்றவை மெல்லியவை. அவற்றின் அடையாளம் உயர்ந்த சுருதிகளில் இருக்கிறது. அவை உதிர்ந்துபோனால் ஒலி வரும், உருவம் வராது. "கேட்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியலை" என்று வீட்டுப் பெரியவர் சொல்வது சாக்குப்போக்கு இல்லை. நோயை அச்சுப் பிசகாமல் விவரிக்கிறார். நாம் குரலை உயர்த்தினால் பெரிதாவது உயிரெழுத்துதான். "ஏன் இப்படிக் கத்துறே?" என்று அவர் கோபித்துக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது.

மருமகள் அடுப்படியிலிருந்து, "மாமா, அந்தத் தட்டை எடுத்துட்டு வாங்க" என்கிறாள். ஹாலில் ஃபேன் ஓடுகிறது, டி.வி.யில் செய்தி. மாமாவின் காதுக்கு வந்தது '-அட்டை எடுத்துட்டு வாங்க'. கட்டா, பட்டா, தட்டா, சட்டையா? மூளை அவள் நிற்கும் இடத்தைப் பார்க்கிறது, சாப்பாட்டு நேரம் என்று யோசிக்கிறது, தட்டு என்று முடிவுகட்டுகிறது. பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடித்துவிடும். ஆனால் அதற்குள் அவள், "சாயங்காலம் கேஸ்காரர் வருவார், பணம் அலமாரியில இருக்கு" என்று அடுத்ததைச் சொல்லி முடித்திருப்பாள். ஒரு வாக்கியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அர்த்தம் பண்ணும் தற்காலிக நினைவு மூளையில் மிகச் சிறியது. ஊகிப்பதிலேயே அது செலவானால், சேமித்து வைக்க மிச்சம் ஏது? சாயங்காலம், "காலையிலேயே சொன்னேனே!" "என்கிட்ட யாரும் சொல்லலையே!"

இதற்கு உடனே மறதி என்று பெயர் சூட்டிவிடுகிறோம். பதிவாகாத ஒன்றை மறக்க முடியாது. மருத்துவமனையிலும் இந்தக் குழப்பம் உண்டு. நினைவாற்றல் சோதனையில் சில சொற்களை வாசித்துக் காட்டி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். சொற்களே காதில் விழாதவர் குறைவாக மதிப்பெண் வாங்கத்தான் செய்வார். மறதி என்று ஒருவரை அழைத்துப் போனால், முதலில் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் காதுக் குறும்பி அடைத்திருப்பதே காரணமாக இருக்கும்.

தினமும் இப்படித் திணறும் மூளை காலப்போக்கில் தேய்கிறதா? காது மந்தமானவர்களுக்கு மூளையின் பொட்டுமடல் பகுதி மற்றவர்களைவிட வேகமாகச் சுருங்குவதை லின் குழு 2014-ல் ஸ்கேனில் காட்டியது. கல்யாணம், கோயில், டீக்கடைப் பேச்சு என ஒவ்வொன்றாகத் தவிர்த்து ஒதுங்கிவிடுவது இன்னொரு வழி. காது, மூளை இரண்டையும் ஒரே ரத்தக்குழாய்க் கோளாறு தாக்கியிருக்கவும் கூடும். அப்படியானால் காது குற்றவாளி அல்ல, சாட்சி மட்டுமே.

அடுத்த கேள்விதான் முக்கியம். காது மெஷின் வைத்தால் மறதி வராமல் தடுக்கலாமா?

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. பிரிட்டனில் 4,37,000-க்கும் மேற்பட்டோரின் தகவல்களை அலசி, மெஷின் வைக்காதவர்களுக்கு டிமென்ஷியா அதிகம், வைத்தவர்களுக்கு இல்லை என்று 2023 ஏப்ரலில் ஒரு கட்டுரை வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. அதே ஆண்டு டிசம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கணினி நிரலில் நேர்ந்த பிழையால், மெஷின் வைத்தவர்களும் வைக்காதவர்களும் இடம் மாறியிருந்தார்கள்! கொண்டாடிய வேகத்தில் திருத்தம் வந்ததாகத் தெரியவில்லை.

நம்பிக்கையாகப் பார்க்க வேண்டியது அமெரிக்காவின் 'அச்சீவ்' ஆய்வு. 70 முதல் 84 வயதுவரையிலான 977 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் காது மெஷினும் பயிற்சியும்; மறு பாதிக்குப் பொதுவான ஆரோக்கிய வகுப்பு. மூன்று ஆண்டுகள் கழித்து இரு தரப்புக்கும் சிந்தனைத் திறனில் வித்தியாசமே இல்லை. 2023 ஜூலையில் முடிவு வந்தபோது பலருக்கு ஏமாற்றம்.

ஆனால் 977 பேரில் 238 பேர், பல ஆண்டுகளாக நடந்துவந்த ஓர் இதயநோய் ஆய்விலிருந்து வந்தவர்கள். வயது சற்றுக் கூடுதல்; சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொந்தரவுகளும் கூடுதல். மற்ற 739 பேர் தாமாக முன்வந்த, பொதுவாக ஆரோக்கியமானவர்கள். அந்த 238 பேரில் மட்டும், மெஷின் வைத்தவர்களின் சரிவு 48 சதவீதம் மெதுவாக இருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் சரிவே அதிகம் இல்லை. தடுத்துக் காட்ட அங்கே என்ன இருந்தது? 48 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு விளம்பரம் செய்வது தவறு. பலனே இல்லை என்று ஒதுக்குவதும் தவறு. ஏற்கெனவே ஆபத்தில் இருப்பவருக்குப் பலன் உண்டு என்பது வரைக்கும் நான் நம்புகிறேன்.

'லான்செட்' மருத்துவ இதழ் டிமென்ஷியாவுக்காக அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கையில் வரும் 7 சதவீதத்தையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். காது மந்தமானால் டிமென்ஷியா வர 7 சதவீத வாய்ப்பு என்பதல்ல அதன் பொருள். உலகில் காது மந்தம் என்பதே இல்லாமல் போனால், மொத்த டிமென்ஷியாவில் அந்த அளவு குறையக்கூடும் என்ற மதிப்பீடு அது.

மறதி பயத்தைத் தள்ளிவைத்தாலும், பேரப்பிள்ளை பேசுவது புரிய வேண்டும் என்ற ஒரே காரணம் மெஷினுக்குப் போதும். கஷ்டம் வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. பல ஆண்டுகள் கேட்காத பேப்பர் சரசரப்பும் பாத்திரச் சத்தமும் ஒன்றாகப் பாயும்போது மூளை திகைக்கும். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு மேஜை டிராயரில் போட்டுவிடுவார்கள். முதலில் அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசிப் பழகுவது நல்லது. பந்தியும் பஸ் ஸ்டாண்டும் பிறகு. அச்சீவ் ஆய்வில்கூட மெஷினைக் கையில் கொடுத்துவிட்டு அனுப்பிவிடவில்லை. தொடக்கத்தில் ஆடியாலஜிஸ்ட்டோடு நான்கு அமர்வுகள். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு. வாங்கப் போகும் இடத்தில் விலையைக் கேட்பதற்கு முன், "அடுத்து எப்போ வந்து அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்? அதுக்குத் தனியா காசா?" என்று கேளுங்கள்.

(தொடரும்)