எண்ணெய்க் கிணறும் நண்டுக் கொடுக்கும்

டயகம முதலிய மலைநாட்டுத் தோட்டங்களிலே கவ்வாத்துக் காலத்தையொட்டித் தேயிலை மலைகளுக்கு டொலமைட் தூள் இடும் வழக்கம் உண்டு. மண்ணின் மிகையான புளிப்பைத் தணிப்பதே அதன் நோக்கம். கல்சியமும் மகனீசியமும் காபனேற்றாய் அமைந்த அப்பாறை, புளிப்பை மாற்றித் தானும் கரைந்து போகின்றது. இவ்வினத்துப் பாறைகளே பூமியின் ஆழத்திலும் கடலின் அடியிலும் எண்ணெயைத் தம் நுண்துளைகளில் அடக்கிக் கிடப்பதும் உண்டு. மும்பைக்கு மேற்கே கடலில் 1974இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1976இல் எண்ணெய் தரத் தொடங்கிய பம்பாய் ஹை களத்தின் முதன்மைத் தேக்கம் சுண்ணாம்புக்கல்லே ஆகும். இத்தகைய பாறையில் கிணறு தோண்டும்போது துளையைச் சூழ்ந்த பகுதி சேற்றுக் குழம்பினால் அடைபடும். சிலவிடத்துப் பாறை இயல்பாகவே இறுகியிருக்கும். அப்போது பாறையைச் சிறிது கரைத்து எண்ணெய்க்கு வழி செய்தல் வேண்டும். எதனைக் கொண்டு கரைப்பது என்பதே இங்கு ஆராயற்பாலது.

முதலில் வந்தது ஐதரோகுளோரிக் அமிலம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஹெர்மன் பிராஷ் என்னும் இரசாயன அறிஞர் 1896இல் இம்முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆயினும் அமிலம் இரும்புக் குழாயையும் தின்றமையால் அம்முறை நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்தது. 1932இல் மிச்சிகன் மாநிலத்தில், டௌ நிறுவனத்தார் அரிப்பைத் தடுக்கும் பொருளாக ஆசனிக்கைச் சேர்த்து, 500 கலன் அமிலத்தை ஒரு கிணற்றினுள் செலுத்திய பின்னரே அது மீண்டும் உயிர் பெற்றது. நஞ்சைக் கொண்டு அமிலத்தை அடக்கிய காலம் அது!

அமிலத்தின் வலிமையில் ஐயமில்லை. நூற்றுக்குப் பதினைந்து பங்கு செறிவுள்ள அமிலம் ஒரு லீற்றர், சுமார் 220 கிராம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கவல்லது. குறையும் அவ்வலிமையிலேயே உள்ளது. வெப்பம் மிகுந்த ஆழத்தில் அது பாறையைத் தொட்ட மாத்திரத்தில் தாக்கத்தை முடித்துவிடுகின்றது. ஆகவே கிணற்றின் சுவர் அகலுமேயன்றி உள்ளே நெடுந்தூரம் வழி திறப்பதில்லை. விரைந்து செலுத்தினால் ஆழப் புகும். ஆனால் இறுகிய பாறை அவ்விரைவை ஏற்காது, அழுத்தம் மிகின் வெடித்துப் பிளக்கும். இன்னொரு தீங்கும் உண்டு. குழாயின் துருவை அமிலம் கரைத்துச் செல்கின்றது. பின் அமிலம் வலுவிழந்தவுடன் அவ்விரும்பு களிபோன்ற வீழ்படிவாகித் திறந்த துளைகளையே அடைக்கின்றது.

இவ்விடத்தேதான் கொடுக்கிணைப்புப் பொருள்கள் பயன்படுகின்றன. உலோக அயனை ஒரு புறத்தில் மட்டும் தொடாது, பல புள்ளிகளால் சூழ்ந்து பற்றும் மூலக்கூறுகள் இவை. மோர்கன், ட்ரூ என்போர் 1920இல் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இவற்றிற்குப் பெயர் அமைத்தனர். தேயிலைத் தோட்டத்தார்க்கு இது புதியதன்று. துருப்பிடித்த பாத்திரத்து நீரில் தேநீர் வடித்தால் அது கருமை கொள்வது, சாயத்திலுள்ள பொருள்கள் இரும்பை இவ்வாறு பற்றிக் கொள்வதனாலேயே. 1935இல் ஜெர்மனியில் பெர்டினாண்ட் மூன்ஸ் ஆக்கிய ஈ.டீ.ரீ.ஏ. இவ்வினத்தில் புகழ்பெற்றது. இரண்டு நைதரசன் அணுக்களும் நான்கு ஒட்சிசன் அணுக்களுமாக ஆறு புள்ளிகளால் அது கல்சியத்தை இறுகப் பிடிக்கின்றது. முன்பெல்லாம் இரும்பு வீழ்படியாதிருக்க அமிலத்தோடு சிறிதளவு சேர்க்கப்படும் ஏவலாளாகவே இத்தகைய பொருள் கிணற்றினுள் சென்றது.

ஏவலாளைத் தலைவனாக்கிப் பார்த்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட், பாக்லர் என்போர். 1990களில் அவர்கள் சுண்ணாம்புக்கல்லில் செய்த சோதனைகளில், ஈ.டீ.ரீ.ஏ. கரைசலைப் பீ.எச். 4 முதல் 13 வரையில் வைத்து மெதுவாகச் செலுத்தியபோதும், அது பாறையில் 'புழுத்துளை' எனப்படும் நீண்ட ஒடுங்கிய வழிகளை உண்டாக்கியது. அமிலம் சுவரை மட்டுமே தின்று நின்றுவிடும் குறைந்த வேகத்திலும் இது நிகழ்ந்தது. அமிலமுறை மறுபிறவி எடுத்த மிச்சிகனிலேயே அதன் மாற்றும் ஆராயப்பட்டது சுவையான பொருத்தம் எனலாம்.

இதனால் அமிலத்தின் காலம் முடிந்ததென எண்ணுதல் தவறு. ஒரு மூலக்கூறு ஒரு கல்சிய அயனையே பற்றுமாதலின், லீற்றருக்குக் கால் மோல் செறிவுள்ள கரைசல் சுமார் 25 கிராம் கல்லையே கரைக்கும். அது மேற்கூறிய அமிலம் கரைப்பதில் ஒன்பதில் ஒரு பங்கே. விலையோ அமிலத்தினும் பன்மடங்கு. மேலும் ஈ.டீ.ரீ.ஏ. இயற்கையில் எளிதிற் சிதையாது நீரில் தங்கி நிற்பது. இக்குறை நீங்கவே ஜீ.எல்.டீ.ஏ. என்னும் பொருள் கையாளப்படுகின்றது. சமையலில் சுவையூட்டப் பயன்படும் மொனோசோடியம் குளுட்டமேற்றிலிருந்து ஆக்கப்படும் இது, நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்கப்படுவது. கடலிற் கிணறு தோண்டுவோர்க்கு இதன் பயன் பெரிது.

குறைந்த ஆழமும் குறைந்த வெப்பமும் உள்ள கிணற்றுக்கு மலிவான அமிலமே போதும். ஆனால் வெப்பம் 150 பாகை சென்றிகிரேட்டைக் கடந்து, குழாயும் விலையுயர்ந்த குரோமிய உருக்கினால் அமைந்திருப்பின் கணக்கு மாறிவிடும். அங்கே அமிலத்திற்கு மிகுந்த அளவில் அரிப்புத் தடுப்பி சேர்த்தல் வேண்டும். சேர்த்தும் குழாய் தப்புமென்னும் உறுதியில்லை. குழாயொன்றை இழப்பதன் செலவோடு ஒப்பிடின், கொடுக்கிணைப்புப் பொருளின் விலை சிறிதே.