பூட்டிய பெட்டியும் திறந்த வரைபடமும்

கோவையை அடுத்த தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர்களின் தூக்கத்தை அன்று தீர்மானித்தது மும்முனை மின்சாரம்தான். 1990இல் தமிழக விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானது. ஆனால் நாள் முழுவதும் வரவில்லை. பகலில் சில மணி நேரம், ராத்திரியில் சில மணி நேரம் என்று முறை வைத்து வந்தது. ராத்திரி முறையில் கரண்டு வந்ததும் டார்ச் லைட்டோடு கிணற்று மேட்டுக்கு நடக்க வேண்டும். ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனை அமுக்கி, மோட்டார் ஏறும் சத்தத்தைக் காதால் கேட்டு, மடையில் தண்ணீர் விழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கரண்டு போய் மறுபடி வந்தால் மறுபடி நடை. மேற்கே மலை, அடிவாரத்தில் காடு, காட்டை ஒட்டி வாழையும் பாக்கும் தென்னையும். நரசீபுரம் பக்கமெல்லாம் அந்த நேரத்தில் யானையும் வரும். மோட்டார் போடப் போவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற வேலையாக இருந்தது.

இன்று அதே தோட்டத்துக்காரர் கட்டிலில் இருந்தபடி போனை எடுத்து ஸ்டார்ட்டரோடு இணைத்த பெட்டியில் இருக்கும் சிம்முக்கு ஒரு கால் போடுகிறார். பதிவு செய்த நம்பர் என்றால் பெட்டி கேட்டுக்கொள்ளும்; வேறு நம்பர் என்றால் கண்டுகொள்ளாது. மூன்று பேஸும் இருக்கிறதா என்று பார்த்து மோட்டாரைப் போட்டுவிட்டு, குறுஞ்செய்தியில் பதில் சொல்லும். ‘மொபைல் ஸ்டார்ட்டர்’ என்று ஊரே அறிந்த பெட்டி இது. கடையில் கம்பெனிப் பெட்டி கிடைக்கிறது. அதே வேலையைச் செய்யும் பெட்டியை வீட்டு மேசையிலேயே வடிவமைத்துக் கட்டவும் இன்று முடியும். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க அந்த வீட்டுப் பெட்டிதான் சரியான சாட்சி.

கை அன்றே இருந்தது

இந்த மண்ணுக்குக் கைத்திறன் புதிதாக வந்ததல்ல. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்ததும் மில்கள் பெருகின. மில்லுக்குப் பின்னால் பட்டறைகள் வந்தன. 1937இல் ஜி.டி. நாயுடுவின் யு.எம்.எஸ். நிறுவனமும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். ஐந்து வால்வு ரேடியோ ஒன்றை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று ஜி.டி. நாயுடு 1941இல் அறிவித்தார். ரேடியோ வைத்திருக்கவே தபால் அலுவலகத்தில் லைசென்ஸ் கட்டிய காலம் அது.

பம்ப்செட் தொழில் கோவையில் இவ்வளவு பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. இரும்பு தன்னை மறைத்துக்கொள்ளாது. ஒரு பம்பைக் கழற்றினால் இம்பெல்லரின் வளைவு, ஷாப்டின் விட்டம், பேரிங்கின் அளவு எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். வெர்னியர் வைத்து அளந்து, மரத்தில் பேட்டர்ன் செதுக்கி, பவுண்டரியில் வார்த்து, லேத்தில் கடைந்தால் அடுத்த பம்ப் தயார். பார்த்துச் செய்து, செய்ததில் ஒன்றிரண்டைத் திருத்தி, அதை இன்னொருவர் பார்த்துச் செய்ய, ஒரு தொழிலே வளர்ந்தது.

எலக்ட்ரானிக்ஸ் வந்தபோது அந்தப் பழக்கம் வாசலிலேயே நின்றுவிட்டது. சிப்பைத் திறந்து பார்த்து அளக்க முடியாது. அதற்குள் எழுதப்பட்டிருக்கும் புரோகிராம் எந்த வெர்னியருக்கும் சிக்காது. போதாததற்கு, பெட்டி செய்தவர்கள் சிப்பின் மேல் உள்ள எண்ணை உப்புத்தாளால் தேய்த்து அழித்தார்கள். சிலர் போர்டு முழுவதையும் கறுப்புப் பசை ஊற்றி மூடினார்கள். பழைய வால்வு ரேடியோக்கள் சிலவற்றின் பெட்டிக்குள் வரைபடத் தாள் ஒட்டியே வரும். பின்னால் வந்த பெட்டிகளில் அந்தத் தாள் காணாமல் போனது.

பெர்ரிக் குளோரைடு நாட்கள்

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டவருக்கு 1980களில் இருந்தது சிறிய உலகம். 1969இல் தொடங்கிய ‘எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ ஆங்கிலப் பத்திரிகையில் வரும் சர்க்யூட்டுகள், காந்திபுரத்துக் கடைகள், அங்கே இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெரு. 555 டைமர், 741, 7805 என்று சிப் எண்களை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்.

போர்டு செய்வது தனிப் பாடு. செப்புத் தகடு ஒட்டிய பலகையில் பெயின்டால் கோடு வரைந்து, பெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெயின்ட் இல்லாத இடத்துச் செம்பு கரைந்து போகும். துணியில் பட்ட கறை போகவே போகாது. பிறகு கைத் துளைப்பானால் ஒவ்வொரு ஓட்டையாகப் போட வேண்டும். கோடு ஒன்று தப்பினால் முதலிலிருந்து வேலை. அப்படி ஒருவர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் கருவியைச் செய்து முடித்தால், அந்த அறிவு அவரோடும் அவர் நோட்டோடும் நின்றது. பக்கத்து ஊர்க்காரர் முதலிலிருந்து தொடங்கினார்.

2005க்குப் பிறகு

மாற்றம் இத்தாலியின் இவ்ரியா என்ற சிற்றூரிலிருந்து வந்தது. அங்கிருந்த வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் 2005இல் அர்டுயினோ பிறந்தது. எலக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களும் கையாளக்கூடிய மலிவான போர்டு வேண்டும் என்பதே நோக்கம். போர்டின் வரைபடம், பாகங்களின் பட்டியல், புரோகிராம் எழுதும் மென்பொருள் அனைத்தையும் வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், செய்யலாம், விற்கவும் செய்யலாம். பெயரை மட்டும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். திறந்த வன்பொருள் என்பதன் சாரம் இவ்வளவுதான்.

1992இல் பிரான்சில் தொடங்கிய கீகேட் என்ற இலவச மென்பொருளில் இன்று சர்க்யூட்டையும் போர்டையும் வரையலாம். கோப்பை அனுப்பினால் சீனத்திலோ இந்தியாவிலோ உள்ள தொழிற்சாலை, ஓட்டை போட்டு, பச்சைப் பூச்சுப் பூசி, கூரியரில் அனுப்புகிறது. 2016இல் வந்த இஎஸ்பி32 சிப்பில் வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்தே இருக்கின்றன. அதே ஆண்டு தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தால் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கே சால்டரிங் அயர்ன் வந்துவிட்டது. இரும்பில் நடந்த ‘பார்த்துச் செய்’ என்ற வழி, எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து சிலிக்கனுக்கும் திறந்திருக்கிறது.

தோட்டம் கேட்கும் கேள்விகள்

ஆனால் இத்தாலியில் வரைந்த வரைபடத்துக்குத் தொண்டாமுத்தூர் மோட்டார் ரூம் தெரியாது. ஸ்டார்ட்டரில் பச்சை பட்டன் இரண்டு முனைகளைச் சேர்க்கும். சிவப்பு பட்டன் பிரிக்கும். ஆகவே ஒரு ரிலேயைப் பச்சைக்கு இணையாகவும் இன்னொன்றைச் சிவப்புக்குத் தொடராகவும் போட்டால் போதும் என்று பாடம் சொல்லும். பாடம் சரி. ஆனால் நம் விவசாய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் கிடையாது. காயில் இரண்டு பேஸ்களுக்கு நடுவே 415 வோல்ட்டில் வேலை செய்கிறது. ஐந்து வோல்ட்டில் இயங்கும் நீலநிற ரிலேயோ 250 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. மேசையில் ஓடும், தோட்டத்தில் என்றாவது ஒருநாள் முனைகள் ஒட்டிக்கொள்ளும். இடையில் 415 வோல்ட்டைத் தாங்கக்கூடிய இன்னொரு ரிலே தேவை.

அடுத்தது சிம். வீட்டுக் கருவிகளில் அதிகம் தென்படும் சிம்800எல் மாட்யூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை வேண்டும். டவரோடு பேசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பவர் சப்ளை அசந்தால் மாட்யூல் அணைந்து அணைந்து எழும். புரோகிராமில் தப்பு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். தப்பு கெபாசிட்டரில் இருக்கும். அது 2ஜி மாட்யூல் என்பதால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றில் ஒரு பேஸ் போனால் மோட்டார் அதிகக் கரண்டை இழுத்துச் சூடேறி காயில் போய்விடும். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் வெறுமனே ஓடும். அப்போது கரண்டு குறையும். ஒரு கரண்ட் டிரான்ஸ்பார்மரை வயரில் மாட்டி ஏற்றத்தையும் இறக்கத்தையும் படித்தால் இரண்டிலிருந்தும் காப்பாற்றலாம். காயில் கட்ட ஆகும் செலவையும், அதுவரை காயும் வாழையையும் கணக்குப் போட்டால் இந்த ஒரு உறுப்பின் அருமை புரியும். இதெல்லாம் போக இடி மின்னல், சூட்டைத் தேடிப் பெட்டிக்குள் புகும் எறும்பு, முனைகளுக்கு நடுவே போய்ச் சாகும் பல்லி. எந்த வெளிநாட்டு வரைபடத்திலும் பல்லிக்கு இடமில்லை.

ஒரு எச்சரிக்கையும் இங்கே வேண்டும். காட்டோரத் தோட்டங்களில் சோலார் வேலி அதிகம். முறையான வேலிக் கருவி நொடிக்கு ஒருமுறை போல மிகக் குறுகிய துடிப்பை மட்டும் அனுப்பும். தொட்டால் விலகச் செய்யும், கொல்லாது. வீட்டு இணைப்பைக் கம்பியில் நேராகக் கொடுத்தால் யானையும் சாகும், மடை திருப்பப் போன மனிதரும் சாவார். அது குற்றமும்கூட. வீட்டில் செய்து பார்க்கக் கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது வேலிக்கான மின்சாரம்தான்.

இன்னும் திறக்காதவை

போர்டு திறந்தாலும் அதிலிருக்கும் சிப் பெரும்பாலும் பூட்டியே இருக்கிறது. அங்கும் ஒரு கதவு மெல்ல அசைகிறது. சென்னை ஐஐடியின் ‘சக்தி’ திட்டம், ரிஸ்க்-ஐந்து என்ற திறந்த விதிகளின் மேல் புராசசரை வடிவமைத்து, அந்த வடிவமைப்பையே பொதுவில் வைத்திருக்கிறது. 2018இல் அதன் சிப் லினக்ஸை இயக்கிக் காட்டியது. இன்னொரு பக்கம், அர்டுயினோவை வாங்கப்போவதாக 2025 அக்டோபரில் குவால்காம் அறிவித்தது. கம்பெனி கைமாறலாம், வெளியிட்ட வரைபடங்களை யாரும் திரும்ப வாங்கிப் பூட்ட முடியாது. திறந்த வன்பொருளின் பலம் அதில்தான் இருக்கிறது.

குறை நம் பக்கமும் உண்டு. உலகம் போட்ட வரைபடங்களை எடுத்துப் பெட்டி செய்கிறோம். 415 வோல்ட்டுக்கு என்ன மாற்றினோம், எறும்புக்கு எந்த ஓட்டையை எப்படி அடைத்தோம் என்பதை எழுதி வைப்பதில்லை. அது தெரிந்தவர் ஊரை விட்டுப் போனால் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

தோட்டத்துக்குப் பெட்டி கட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சிப்பின் எண்ணைத் தேய்க்காதீர்கள். சர்க்யூட்டை, மாற்றிய பாகங்களின் பட்டியலோடு, தமிழிலேயே எழுதி இணையத்தில் போடுங்கள். ஒரு பிரதி எடுத்துப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். நாளை அதைத் திறக்கும் மெக்கானிக் உங்களுக்கு அறிமுகமில்லாதவராக இருந்தாலும், அன்று ராத்திரியே மோட்டாரை ஓட வைப்பார்.