பயணச்சீட்டுத் திரைக்குப் பின்னால்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் விமானப் பயணச்சீட்டு எடுத்துத் தரும் சிறு முகவர்கள் உள்ளனர். "எந்த விமானம் மலிவு?" என்று நாம் கேட்டால், கணினித் திரையைப் பார்த்தே பதில் சொல்கிறார்கள். அத்திரையில் முதலில் எது தோன்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? பொருளாதாரம் கற்பித்த எனக்கு, பயணியின் செலவு இக்கேள்வியில்தான் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது.

விமான நிறுவனங்களையும் முகவர்களையும் இணைக்கும் தொழில்நுட்பத்தில் அமேடியஸ், சேபர், டிராவல்போர்ட் ஆகிய மூன்றும் உலக அளவில் கோலோச்சுகின்றன. இவற்றுள் சேபர், அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் 1960-களில் உருவாக்கியது. முன்பதிவுக் கணினிகளை வைத்திருந்த விமான நிறுவனங்கள் தம் விமானங்களையே திரையில் முன்னிறுத்தியதால், 1984-இல் அமெரிக்க அரசு அதற்குத் தடை விதித்தது. இன்று சேபர் தனி நிறுவனம். ஆயினும், ஒவ்வொரு முன்பதிவுக்கும் இந்த இடைநிலை நிறுவனங்களுக்கு விமான நிறுவனம் செலுத்தும் கட்டணம், இறுதியில் பயணச்சீட்டின் விலையில்தான் வந்து சேர்கிறது.

இதற்கு மாற்றாக, முகவர்களிடம் நேரடியாக விற்பதற்கான 'என்டிசி' என்னும் பொதுத் தரநிலையைச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2012-இல் முன்வைத்தது. இவ்வழியில் முன்னோடியாக இருந்த சிறு நிறுவனம் ஃபேர்லாஜிக்ஸ். அதை 36 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2018-இல் சேபர் அறிவித்தது. போட்டியாளரை வெல்வதைவிட விலைக்கு வாங்குவது எளிதல்லவா?

அமெரிக்க நீதித்துறை 2019-இல் வழக்குத் தொடுத்தது. இருபக்கச் சந்தையில் இயங்கும் சேபருக்கு, ஒருபக்கம் மட்டுமே இயங்கும் ஃபேர்லாஜிக்ஸ் சட்டப்படி போட்டியாளர் ஆகாது என்று கூறி, 2020 ஏப்ரலில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே வாரத்தில் பிரிட்டனின் போட்டி ஆணையம் இணைப்பைத் தடுத்தது. மே மாதம் சேபர் பின்வாங்கியது. ஒரே இணைப்பு, இருவேறு தீர்ப்புகள். சந்தையை எப்படி வரையறுக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. சொத்து, விற்றுமுதல் ஆகியவற்றை மட்டும் அளந்தால், வளரும் நிறுவனங்கள் விழுங்கப்படுவது கண்ணில் படாது. எனவே, இந்தியாவில் கணிசமாகத் தொழில் செய்யும் நிறுவனத்தை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினால் போட்டி ஆணையத்தின் ஒப்புதல் தேவை என்னும் விதி, 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இது நல்ல தொடக்கம். அத்துடன், திரையின் வரிசை எந்த அடிப்படையில் அமைகிறது என்பதும் வெளிப்படையாக வேண்டும். திண்டிவனத்து முகவரின் நேர்மை மட்டும் போதாது. அவர் பார்க்கும் திரையும் நேர்மையாக இருக்க வேண்டும்.