நீருக்கடியில் ஒலிக்கும் 'பிங்'

1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் மூழ்கிய பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கிக் கப்பலை அடிப்படையாகக் கொண்டு 2017இல் வெளிவந்த 'காஸி' திரைப்படம், நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் டார்பிடோ, ஒலியலைகளால் பொருள்களைக் கண்டறியும் சோனார் ஆகிய சொற்களைத் தமிழ் ரசிகர்களிடமும் கொண்டுசேர்த்தது. அதிரடிப் படங்களில் சோனார் ஓயாமல் 'பிங்' என ஒலித்தாலும், அவ்வொலி கப்பலின் இருப்பிடத்தைப் பகைவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், மெய்யான மாலுமிகள் பெரும்பாலும் ஓசையெழுப்பாமல் செவிமடுக்கவே செய்கின்றனர். அந்த மௌனத்தின் பதற்றமே பல படங்கள் தவறவிடும் அரிய நாடகம். இத்தகைய மாலுமிகளுக்குக் கரையிலிருந்து செய்தி அனுப்புவதும் எளிதன்று; சாதாரண வானொலி அலைகள் கடல்நீரில் ஊடுருவாமையால், நீருக்கடியில் உள்ள நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளில் செய்தி அனுப்பும் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இயங்குகிறது.