புல்லட்டில் ஒரு நாள்!

"நாற்பத்தாறு வயசில் இதெல்லாம் தேவையா?" மடுகரையில் எங்கள் தெருவில் இப்படிக் கேட்காதவர்களே இல்லை. கேட்கட்டுமே!

என் மாமனார் 1974-ல் வாங்கிய புல்லட் அது. அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஓட்டினார். முழங்கால் வலி வந்ததும், "கிக்கரை உதைக்கவே கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது வண்டி. பழைய இரும்பு எடுப்பவர் வந்து விலை கேட்டபோது, இவர் பதில் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுங்க" என்றேன்.

உதைக்கப் பலம் வேண்டுமே என்று பயந்தேன். பலம் இல்லை சகோதரிகளே, பக்குவம்தான்! கிக்கரை மெல்ல மிதிக்க வேண்டும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷர் பிடியை அழுத்தி, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, பிடியை விட்டுவிட வேண்டும். கிக்கர் மேலே வந்ததும் ஒரே மிதி! வெல்லப்பாகுக்குப் பதம் பார்க்கிற மாதிரிதான். இந்தப் பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அறுத்த வயலில் பழகி, லைசென்ஸும் எடுத்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை தனியாகக் கிளம்பினேன். ஊர் எல்லை தாண்டியதுமே வண்டி நின்றுவிட்டது! டீக்கடையில் பத்துப் பேர் பார்க்கிறார்கள். உதைக்கிறேன், உதைக்கிறேன்... வேர்த்துக் கொட்டுகிறது. "ஆம்பளை யாரையாவது கூப்பிடும்மா" என்றார் ஒரு பெரியவர். அழுகை முட்டியது. ஒரு நிமிஷம் நிதானமாகப் பார்த்தேன். அட, பெட்ரோல் குழாயையே திறக்கவில்லை! கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோலில்தான் அதுவரை ஓடியிருக்கிறது. சிலிண்டரைத் திறக்காமல் அடுப்பைப் பற்றவைக்கிற கதைதான். திறந்துவிட்டு மிதித்தேன். 'டுப்... டுப்... டுப்...' பெரியவர் சிரித்துவிட்டார்.

நெட்டப்பாக்கம், ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் என்று வளைந்து வளைந்து போய், பாகூர் ஏரிக்கரையில் நிறுத்தினேன். புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி இது. கொக்குகளைப் பார்த்தபடி புளிச்சோறு சாப்பிட்டேன். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னர் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி செப்பேட்டில் இருக்கிறது. படிப்புக்குப் பேர்போன ஊர்! கற்றுக்கொள்ள வயசு ஏது என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், யாருக்கும் பரிமாறாமல் நான் சாப்பிட்ட முதல் மதியச் சாப்பாடு அது.

கிளம்ப நினைப்பவர்களுக்கு: ஹெல்மெட் கட்டாயம். புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்காமல் இறுக்கிச் செருகுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இறங்கிக் கையையும் இடுப்பையும் உதறிவிடுங்கள். பழைய வண்டியின் அதிர்வில் விரல்கள் மரத்துப்போகும். உப்புப் போட்ட நீர்மோர் எடுத்துப் போங்கள்.

சாயங்காலம் திரும்பினால், சத்தம் கேட்டு இவர் வாசலிலேயே நிற்கிறார். தோள் துண்டால் டாங்க்கைத் துடைத்தார். ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

"பெட்ரோல் குழாயை மூடினியா?" என்றுதான் கேட்டார்.

மறுநாள் இரும்புக்காரர் வந்தபோது, "வண்டி ஓடிக்கிட்டிருக்குப்பா" என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார்.